ஆலோசனை சொன்னவருக்குப் பொறுப்பு உண்டா? எம். கே. நாராயணனின் பணிக்காலம் பற்றிய விவாதம்

இரணைமடு வாசகன் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற வாரம் கிளிநொச்சியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தபோது, பக்கத்து மேசையில் இருந்தவர்கள் 2009இல் முடிந்த இறுதிப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அப்போது றோவின் தலைவராக இருந்த நாராயணன்தான் எல்லாவற்றையும் செய்தவர்" என்று ஒருவர் அடித்துச் சொன்னார், மற்றவர்கள் தலையசைத்தார்கள். வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் வாய் துறுதுறுத்தது. ஆனாலும் முன்பின் தெரியாதவர்களின் பேச்சில் குறுக்கிடுவது அழகல்ல என்று எழுந்து வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்தப் போரின்போது இந்தியாவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த எம். கே. நாராயணன், இந்தியாவின் வெளிநாட்டுப் புலனாய்வு அமைப்பான றோவின் தலைவராக ஒருபோதும் இருந்தவர் அல்லர். 1934இல் கேரளத்தின் ஒற்றப்பாலத்தில் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியில் படித்து, 1955இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த அவர், தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஐ.பி. எனப்படும் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பில் கழித்தார். வெளிநாட்டுப் புலனாய்வு என்பதும் ஒரு காலம்வரை ஐ.பி.யின் வேலையாகவே இருந்தது. 1962இல் சீனாவுடனும் 1965இல் பாகிஸ்தானுடனும் நடந்த போர்களில் கண்ட குறைகளுக்குப் பின்னர், 1968 செப்டம்பரில் இந்திரா காந்தி அந்தப் பகுதியைப் பிரித்தெடுத்து ஆர். என். காவோவின் தலைமையில் றோவை உருவாக்கினார். காவோவோடு அங்கே போனவர்கள் ஒரு வழியில் வளர்ந்தார்கள், ஐ.பி.யிலேயே தங்கிவிட்ட நாராயணன் போன்றவர்கள் இன்னொரு வழியில் வளர்ந்தார்கள். 1983இற்குப் பின் எங்கள் இளைஞர்களுக்கு இந்தியாவில் பயிற்சி கொடுத்தது றோ. அந்த இளைஞர்கள் தமிழ்நாட்டில் எங்கே தங்குகிறார்கள், யாரோடு பேசுகிறார்கள், அதனால் உள்ளூரில் என்ன குழப்பம் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பது ஐ.பி.யின் கடமை. ஒரே நாட்டின் இரு கண்கள் எங்களை இரு விதமாகப் பார்த்தன என்பதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் "றோ" என்ற ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம்.

இரண்டாவது, அவர் பதவியேறிய காலங்களைக் கவனியுங்கள். இந்திய அமைதிப்படை இங்கே வந்து இறங்கிய 1987ஆம் ஆண்டில்தான் அவர் ஐ.பி.யின் தலைவரானார். 1989 முடிவில் டில்லியில் ஆட்சி மாறியபோது கூட்டுப் புலனாய்வுக் குழுவின் தலைமைக்கு மாற்றப்பட்டு, 1991இல் மீண்டும் ஐ.பி.யின் தலைவராகி, 1992இல் ஓய்வுபெற்றார். அதாவது அவருடைய இரு தலைமைக் காலங்களில் முதலாவது அமைதிப்படையின் காலம், இரண்டாவது ராஜீவ் காந்தி கொலையுண்ட காலம். ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர், 2004இல் மன்மோகன் சிங் அவரை உள்நாட்டுப் பாதுகாப்பு ஆலோசகராக அழைத்துக்கொண்டார். 2005 ஜனவரி 3ஆம் திகதி தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த ஜே. என். டிக்சிற் திடீரென இறந்துபோக, அந்தப் பதவியும் நாராயணனிடம் வந்தது. முல்லைத்தீவுக் கரையில் ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களை நாங்கள் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. டில்லியில் யார் எந்த நாற்காலியில் அமர்ந்தார் என்பது எங்களில் எவருக்கும் ஒரு செய்தியாகவே படவில்லை.

ஐ.பி.யில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஒருவர் இலங்கையை ஓர் அயல்நாடாகப் பார்த்ததைவிடத் தமிழ்நாட்டின் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையின் நீட்சியாகவே பார்த்திருப்பார் என்பது என் கருத்து. ஆனால் அவர் ஆலோசகர். முடிவெடுத்தவர்கள் பிரதமரும் அமைச்சரவையும். வில்லை வளைத்தவரை விட்டுவிட்டு அம்பறாத்தூணியைச் சுமந்தவரோடு சண்டை பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

---

முத்தையன்கட்டான்

மாஸ்டருக்கு வணக்கம். றோ வேறு, ஐ.பி. வேறு என்ற விளக்கத்துக்கு நன்றி. எனினும் சாக்கின் பெயரை மாற்றுவதால் உள்ளே இருக்கும் நெல் மாறிவிடாது. அந்தக் காலத்தில் டில்லியில் பாதுகாப்பு ஆலோசகரும் கேரளத்தவர், வெளியுறவுச் செயலாளரும் கேரளக் குடும்பத்தவர், பாதுகாப்பு அமைச்சரும் கேரளத்தவர். இது தற்செயல் என்று நீங்கள் சொன்னால் நான் கேட்டுக்கொள்ளப் போவதில்லை. அவர்கள் மூவரும் நினைத்திருந்தால் வன்னியில் இவ்வளவு அழிவு நடந்திராது.

---

பாலைப்பழம்

முத்தையன்கட்டான் ஐயாவின் கருத்தைத் தமிழ்நாட்டுக் காணொளிகளில் பல தடவை கேட்டிருக்கிறேன். 2009இல் எனக்கு ஒன்பது வயது என்பதால் இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். 2015 நவம்பரில் சென்னையில் ஈழத்தமிழ் அகதிகள் பற்றிய கூட்டம் ஒன்றில் நாராயணனை ஒருவர் செருப்பால் தாக்கினார். அந்தக் காட்சியைப் பார்த்து எங்கள் ஊர்ப் பொடியன்கள் சிலர் மகிழ்ந்தார்கள். எண்பது வயது கடந்த ஒரு மனிதரைத் தாக்கியதில் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. அதே கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு நல்ல கேள்வியைக் கேட்டிருந்தால், அவருடைய பதிலாவது பதிவாகியிருக்கும் அல்லவா?

---

இரணைமடு வாசகன்

தம்பி பாலைப்பழம் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன்.

முத்தையன்கட்டானுக்கு: அந்த அமைச்சரவையை முழுதாக எண்ணிப் பாருங்கள். பிரதமர் பஞ்சாபியர். 2009 ஜனவரி இறுதியில் கொழும்புக்கு வந்து, படை வெற்றிகள் வடக்கில் இயல்பு வாழ்க்கையை மீட்க ஓர் அரசியல் வாய்ப்பைத் தருகின்றன என்ற பொருளில் பேசிய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி வங்காளி. 2008 டிசம்பர் முதல் உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் சிவகங்கைத் தமிழர். தி.மு.க. அமைச்சர்களும் அதே மேசையில்தான் இருந்தார்கள். மூன்று கேரளப் பெயர்களை மட்டும் பொறுக்கி எடுத்து மற்றவர்களை விட்டுவிடும் கணக்கு, உண்மையில் அந்த மற்றவர்களுக்குச் செய்யும் உதவி. தமிழ்நாட்டு மேடைகளில் அந்தக் கணக்கு ஏன் இவ்வளவு விரும்பப்படுகிறது என்பதையும் யோசியுங்கள்.

வெளியுறவுச் செயலாளராக இருந்த சிவசங்கர் மேனனைப் பற்றி ஒரு குறிப்பு. அவர் 1997 முதல் 2000 வரை கொழும்பில் இந்தியத் தூதுவராக இருந்தவர். ஏ-9 வீதியைப் பிடிக்க இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை நடந்து, நாங்கள் மாங்குளம், மல்லாவி என்று மாறி மாறி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே வன்னி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முடிவெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. தெரிந்துதான் எடுத்தார்கள். நாராயணனுக்குப் பின்னர் 2010இல் பாதுகாப்பு ஆலோசகர் பதவியும் மேனனிடமே போனது.

---

மடுப்பாதை

நான் மன்னார்ப் பெருநிலப்பரப்பைச் சேர்ந்தவன். எங்கள் ஊரில் "புலனாய்வு" என்ற சொல்லைக் கேட்டால் டில்லி எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கொழும்பில் பொலிசார் விசாரணை நடத்தும் நாலாம் மாடியும், சாக்கால் முகம் மூடி ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியும், முன்பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்குக் கூட வந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிளும்தான் நினைவுக்கு வரும். ஆகவே புலனாய்வு அதிகாரி ஒருவரின் பணிவாழ்க்கையைப் பற்றி நாங்கள் அமைதியாக உட்கார்ந்து விவாதிப்பதே எனக்குப் புதுமையாக இருக்கிறது.

மாஸ்டர் எழுப்பிய பொறுப்புப் பற்றிய கேள்விக்கு எங்கள் நாட்டிலேயே ஒரு விடை இருக்கிறது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளருக்கு அது கிடைத்திருந்தது. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, முன்னாள் ஜனாதிபதி 100 மில்லியன் ரூபாயும், அந்தப் பணிப்பாளர் 75 மில்லியன் ரூபாயும், பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் 50 மில்லியன் ரூபாயும், தேசியப் புலனாய்வுத் தலைவராக இருந்தவர் 10 மில்லியன் ரூபாயும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடாகக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தகவல் அறிந்தவர், ஆலோசனை சொன்னவர், முடிவெடுத்தவர் என்று பிரித்து, எவரையும் முழுதாக விட்டுவிடாமல் ஆளுக்கொரு தொகை. தகவல் கையில் இருந்தும் அதை உரிய அழுத்தத்தோடு மேலே சொல்லாதது அடிப்படை உரிமை மீறல் என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதோடு இன்னொன்றும் உண்டு. 2018 நவம்பர் 30ஆம் திகதி மட்டக்களப்பின் வவுணதீவில் இரண்டு பொலிசார் கொல்லப்பட்டபோது, பழி ஒரு முன்னாள் போராளியின் மேல் விழுந்தது. உயிர்த்த ஞாயிறு நடந்த பிறகுதான், அதைச் செய்தவர்களும் அந்தக் குண்டுதாரிகளின் குழுவினரே என்ற உண்மை வெளியே வந்து அவர் விடுவிக்கப்பட்டார். பழக்கப்பட்ட எதிரியையே தேடிக்கொண்டிருந்த கண், பக்கத்தில் நின்றவரைக் காணவில்லை. ஐ.பி. பழக்கத்தால் இலங்கையைத் தமிழ்நாட்டின் நீட்சியாகவே நாராயணன் பார்த்திருப்பார் என்று மாஸ்டர் எழுதியதைப் படித்தபோது எனக்கு வவுணதீவுதான் நினைவுக்கு வந்தது.

---

பழைய கோப்பு

இங்கே எழுதுபவர்களில் அரச அலுவலகத்தில் இருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன். வன்னியில் ஒரு கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், முப்பத்திரண்டு ஆண்டுகள் எழுதுநராக இருந்து ஓய்வுபெற்றேன். "ஆலோசகர் முடிவெடுப்பதில்லை" என்ற மாஸ்டரின் வாக்கியம் இரண்டு நாட்களாக எனக்குள் நின்று உறுத்துகிறது.

காணிக் கிளையில் நான் விடய எழுதுநராக இருந்தபோது, ஒவ்வொரு கோப்பிலும் முதல் குறிப்பை எழுதுவது என் வேலை. விண்ணப்பதாரி யார், எந்த ஆண்டிலிருந்து காணியில் இருக்கிறார், என்ன ஆவணம் இருக்கிறது என்று எழுதி, கடைசி வரியில் என் சிபாரிசைச் சொல்ல வேண்டும். "அனுமதிப்பத்திரம் வழங்கலாம்" என்று எழுதினால் பெரும்பாலும் அடுத்த கிழமையே மேலதிகாரியின் ஒப்பம் விழுந்துவிடும். "வழங்குவது பற்றிப் பரிசீலிக்கலாம்" என்று எழுதினால் அந்தக் கோப்பு இன்னும் ஓர் ஆண்டு மேசைக்கு மேசை நடக்கும். இரண்டு வாக்கியத்துக்கும் இடையில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். அந்தச் சொல்லை எழுதியவளின் பெயர் எங்கேயும் வராது, ஓரத்தில் இரண்டு எழுத்து மட்டும் இருக்கும். அரச அதிபர் கையொப்பமிட்டார் என்றுதான் ஊர் சொல்லும். ஒரு நாளைக்கு அறுபது கோப்பில் ஒப்பமிடும் மனிதர் எதை வாசித்தார்? என் கடைசி வரியை வாசித்தார்.

நெடுங்கேணிப் பக்கத்துப் பெண் ஒருவரின் கோப்பில், அவருடைய கணவர் காணாமல் போனதால் இறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காக, "பரிசீலிக்கலாம்" என்று எழுதினேன். விதிப்படி நான் செய்தது பிழையல்ல. அவர் மூன்று சிறுபோகம், மூன்று காலபோகம் அந்தக் காணியில் கால் வைக்க முடியாமல் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "அக்கா, முடிவெடுத்தது நீங்கள் அல்லவே" என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

ஆகவே நாராயணன் கையொப்பமிட்டாரா என்று கேட்காதீர்கள். கடைசி வரியில் என்ன எழுதினார் என்று கேளுங்கள்.

---

முத்தையன்கட்டான்

அக்கா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன்.

---

பாலைப்பழம்

அக்கா, அந்தக் கடைசி வரியை நாங்கள் எங்கே தேடுவது? பல்கலைக்கழகத்தில் தகவல் அறியும் உரிமை பற்றிய பாடம் எங்களுக்கு இருக்கிறது. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஊழலும் மனித உரிமை மீறலும் சம்பந்தப்பட்ட தகவல்களைத் தவிர, ஐ.பி.யையும் றோவையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிடுகிறது. அந்த இரு அமைப்புகளுமே நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானவை அல்ல. பாதுகாப்பு ஆலோசகர் பதவியும் 1998 நவம்பரில் வாஜ்பாய் அரசின் நிர்வாக முடிவால் உருவாக்கப்பட்டதுதான். முதலில் அதில் அமர்ந்தவர் பிரஜேஷ் மிஸ்ரா. சட்டத்தில் வரையறை இல்லாத ஒரு பதவியில் இருந்தவரைச் சட்டத்தின்படி கேள்வி கேட்பது எப்படி என்பதுதான் எனக்கு விளங்காமல் இருக்கிறது.

---

இரணைமடு வாசகன்

பழைய கோப்பு அக்காவின் குறிப்புக்குப் பிறகு, என் முதல் பதிவின் கடைசிப் பந்தியைத் திருத்த வேண்டும் என்று உணர்கிறேன். அம்பறாத்தூணி உவமை பிழையானது. எந்த அம்பை எடுத்துக் கையில் கொடுப்பது என்று தெரிவு செய்பவர் வெறும் சுமைதூக்கி அல்லர்.

தம்பி கேட்ட "கடைசி வரி" கோப்புகளில் பூட்டப்பட்டிருந்தாலும், அதன் சாயலைப் பகிரங்கமாகச் சொன்னவற்றில் காணலாம். 2007 மே மாத இறுதியில் சென்னையில் முதலமைச்சர் கருணாநிதியைச் சந்தித்துவிட்டு வெளியே வந்த நாராயணன், இந்தப் பிராந்தியத்தின் பெரிய சக்தி நாங்கள்தான், இலங்கை தன் தேவைகளுக்குச் சீனாவிடமோ பாகிஸ்தானிடமோ போகாமல் எங்களிடம் வர வேண்டும், ஆனால் தாக்குதல் வலுவுள்ள ஆயுதங்களை நாங்கள் வழங்க மாட்டோம் என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். அக்காவின் கண்ணால் இதைப் பாருங்கள். "தாக்குதல் ஆயுதம் கொடுக்க மாட்டோம்" என்பது சென்னைக்கு. "எங்களிடம் வாருங்கள்" என்பது கொழும்புக்கு. இரண்டுக்கும் இடையில் "தற்காப்பு" என்ற சொல் சொல்லப்படாமலே உட்கார்ந்திருக்கிறது. ரேடார் தற்காப்பு, கடலோரக் காவல் கப்பல் தற்காப்பு, தகவல் பரிமாற்றம் தற்காப்பு. 2008 செப்டம்பர் 9ஆம் திகதி அதிகாலையில் வவுனியாப் படைத்தளம் தாக்கப்பட்டபோது, இந்திய ரேடாரைப் பராமரிக்க வந்திருந்த இந்தியத் தொழில்நுட்பவியலாளர் இருவர் காயமடைந்தார்கள் என்ற செய்தி வந்ததே, அப்போதுதான் அந்தத் "தற்காப்பு" எவ்வளவு கிட்ட இருந்தது என்று பலருக்குத் தெரிந்தது.

அதற்கு அடுத்த மாதம் இதே நாராயணன்தான் இலங்கையின் துணைத் தூதுவரை அழைத்துப் பொதுமக்களின் நிலை குறித்துக் கவலை தெரிவித்தார். அது நாடகம் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாடு கொதித்துக்கொண்டிருந்தது, உள்ளூர்க் கொதிப்பைத் தணிப்பது ஐ.பி.யில் வளர்ந்தவரின் கைவந்த கலை. கவலையும் உண்மையாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கவலை தெரிவிக்கப்பட்ட விதத்தால் படை நகர்வு நிற்கவில்லை, 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது.

2009 ஏப்ரல் 24ஆம் திகதி நாராயணனும் மேனனும் கொழும்புக்கு வந்தார்கள். மூன்று நாள் கழித்து, 27ஆம் திகதி, கனரக ஆயுதங்கள் இனிப் பயன்படுத்தப்படா என்ற இலங்கை அரசின் அறிவிப்பு வந்தது. அன்று காலை சென்னைக் கடற்கரையில் போர்நிறுத்தம் கோரி உண்ணாவிரதம் தொடங்கியிருந்த கருணாநிதி அறிவிப்பைக் கேட்டு அதை முடித்துக்கொண்டார். தமிழ்நாட்டில் மே 13ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தல் வாக்களிப்பு.

அந்த அறிவிப்பை நான் கேட்ட இடம் முள்ளிவாய்க்கால். எங்கள் தறப்பாளுக்கு அடுத்த பதுங்கு குழியில் ஒருவரிடம் சிறிய வானொலி இருந்தது. பற்றரிகள் இறங்கிவிட்டதால் அவற்றைப் பகல் முழுதும் மணலில் வெயிலுக்கு வைத்து, இரவில் செய்திக்கு மட்டும் போடுவார். கால் மணி நேரம் கேட்கும், பிறகு குரல் தேய்ந்து போய்விடும். அன்று "கனரக ஆயுதங்கள்" என்ற சொல் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு வந்த விளக்கம் கேட்கவில்லை. கேட்ட மட்டில் ஒரு தாய் பிள்ளைகளைக் குழியிலிருந்து வெளியே எடுத்து மேலே படுக்க வைத்தார். வானொலிக்காரர்தான், இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்று திரும்பவும் உள்ளே அனுப்பினார். அந்த அறிவிப்புக்குப் பின்னரும் எறிகணை வீச்சு தொடர்ந்தது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியிருக்கிறது, ஆகவே அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

2010 ஜனவரியில் நாராயணன் மேற்கு வங்க ஆளுநராகி, 2014இல் டில்லியில் ஆட்சி மாறியபோது அப்பதவியைத் துறந்தார். அமெரிக்காவுடனான அணு ஒப்பந்தப் பேச்சிலும் சீன எல்லைப் பேச்சிலும் அவருக்கு இருந்த பங்கை இந்தியர்கள் பாராட்டுவார்கள், 2008 நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலுக்காகக் குறை சொல்வார்கள். அது அவர்களுடைய பேரேடு. அதில் வன்னிக்கு ஒரு பக்கம் இருக்குமா என்பது எனக்கு ஐயம்.

---

மடுப்பாதை

மாஸ்டர், மேனன் 2016இல் வெளிவந்த தன் நூலில் இறுதிப் போரைப் பற்றி ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். அவர் சொல்வதை ஏற்கிறோமோ இல்லையோ, வாதிட ஒரு பிரதி கையில் இருக்கிறது. நாராயணனோ ஓய்வுக்குப் பின்னர் பத்திரிகைகளில் உலக விவகாரங்கள் பற்றித் தொடர்ந்து எழுதுபவர். எழுதத் தெரியாதவர் என்று சொல்ல இடமில்லை. ஐ.பி.யின் பழக்கமும் தூதரகத்தின் பழக்கமும் வேறு என்று தோன்றுகிறது. தூதுவர்கள் நினைவுக்குறிப்பு எழுதப் பழகியவர்கள், புலனாய்வாளர்கள் அடுத்தவரைப் பற்றிக் குறிப்பெழுதப் பழகியவர்கள்.

---

பழைய கோப்பு

மாஸ்டரின் வானொலிக் கதையில் வரும் அந்தத் தாயைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். "பயன்படுத்தப்படா" என்று செயப்பாட்டு வினையில் எழுதினால் யார் பயன்படுத்த மாட்டார்கள், எந்த நேரத்திலிருந்து, யார் அதைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற மூன்றும் மறைந்துவிடும். நானும் அப்படி ஆயிரம் வாக்கியம் எழுதியிருக்கிறேன். கச்சேரித் தமிழில் எங்களுக்கு முதலில் பழக்குவதே அதுதான்.

---

முத்தையன்கட்டான்

கேரளம் என்ற சொல்லை மீளப் பெற்றுக்கொள்கிறேன். மற்றவற்றை மீளப் பெறவில்லை. மாஸ்டர் சொன்ன 2007ஆம் ஆண்டுப் பேச்சு அப்போது தமிழ்ப் பத்திரிகையிலும் வந்தது. அந்தப் பக்கத்தை நான் வெட்டி, காணி உறுதிக் கட்டோடு சேர்த்து வைத்திருந்தேன். உறுதியைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக மனைவி அந்தக் கட்டைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்ததால் அதுவும் தப்பியது. மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு வரி அழிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கொண்டு படம் எடுத்து இங்கே போடுகிறேன், அழிந்த வரிகளில் என்ன இருந்தது என்று மாஸ்டர் பார்த்துச் சொல்லட்டும்.